சிறு துளை, பெரிய முடிவு

கேரள - தமிழக எல்லைக் கிராமங்களில் உடம்புதான் முதலீடு. முதுகு பிடித்துக்கொண்டால் கூலி நின்றுவிடும். கத்தியைப் பெரிதாக வைக்காமல் சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை அவர்களில் யாருக்கு உதவும்?

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையில் கேரளம் முடிகிறது. அடுத்தது களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தென்திருவிதாங்கூர் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறியதே தவிர, கோட்டின் இரு பக்கமும் பிழைப்பு ஒன்றுதான். வெள்ளறடாவின் மேட்டு நிலங்களில் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. ஒருவர் ஒரு நாளில் 300 முதல் 400 மரங்கள் வரை குனிந்து நிமிர வேண்டும். பொழியூர் கடற்கரையில் வலை இழுக்கிறார்கள். பாலராமபுரத்தில் குழித்தறியில் கால்களை இறக்கி, முன்னால் சாய்ந்து நாள் முழுவதும் நெய்கிறார்கள். தென்னை ஏறுபவர், சுமை தூக்குபவர், மீன் கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாகப் போகும் பெண், பேருந்து ஓட்டுநர் என்று பட்டியல் நீளும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. மலையாளத்தில் 'நடுவேதனை', தமிழில் இடுப்பு வலி, முதுகு வலி. உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. 2020ஆம் ஆண்டில் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் என்றும், 2050ல் இது 84.3 கோடியாகும் என்றும் 2023ல் வெளியான சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. மனிதனை முடக்கிப்போடும் காரணங்களில் இதற்கே முதலிடம்.

முதலில் ஆசான்

இந்தப் பகுதியில் முதுகு பிடித்தவர் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் ஆசானைத்தான். அடிமுறையும் வர்மமும் தழைத்த மண் இது. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 வர்ம இடங்களைக் கணக்கிடும் மரபு குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. எண்ணெய் இட்டுத் தடவி, பிடித்த தசையை இளக்கி, சில நாள் பத்தியம் சொல்லி அனுப்புவார்கள். பலருக்குக் குணமாகிறது.

இதில் அதிசயம் ஏதுமில்லை. திடீரென்று வரும் முதுகு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதை நவீன மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவு, மனநலம் சார்ந்த சிகிச்சை ஆகியவற்றோடு கை வைத்தியத்துக்கும் இடம் கொடுக்கிறது. பேருந்து நடத்துனர் முதல் கடைக்காரர் வரை மாட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் 'டிராக்‌ஷ'னையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

தடவியும் ஆறு வாரத்துக்கு மேல் வலி குறையாமல், இடுப்பிலிருந்து பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல இறங்கினால்தான் அடுத்த கேள்வி எழுகிறது.

நுங்கும் நரம்பும்

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் எனப்படும் வட்டை நுங்கோடு ஒப்பிடலாம். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ். குனிந்து பாரம் தூக்கும்போது கூழின் மேல் அழுத்தம் ஏறுகிறது. வளையம் பலவீனமான இடத்தில் கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தும்போது வலி காலுக்கு இறங்குகிறது. 'சயாட்டிகா' என்பது இதுதான்.

வளையம் கிழிவதால்தான் கூழ் வெளியே வருகிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையில் நடந்து 2013ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. வட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பு பிய்ந்துவருவதே பெரும்பாலும் காரணம் என்று அது காட்டியது. முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது.

பிதுங்கிய துண்டை எடுத்தால் கால் வலி போகும் என்பதை 1934ல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் நிரூபித்தார்கள். ஆனால் அன்றைய அறுவை, தசையைப் பிரித்து எலும்பை வெட்டி உள்ளே போகும் பெரிய காரியம். அன்றிலிருந்து காயத்தைச் சிறிதாக்கும் முயற்சி ஓயவில்லை. அறுபதுகளில் லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதியை ஊசி வழியாக வட்டுக்குள் செலுத்திக் கூழைக் கரைத்தார். சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் அரிதாக நரம்புப் பாதிப்பும் ஏற்படவே மவுசு குறைந்தது. 2003ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது மறைந்தது. 1975ல் ஜப்பானிய மருத்துவர் ஹிஜிகாட்டா தோல் வழியாகக் குழாய் செலுத்திக் கூழை எடுத்தார். 1977ல் ஐரோப்பாவில் யசார்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியின் உதவியோடு சிறு வெட்டில் செய்யும் முறையை வெளியிட்டார்கள். 1997ல் குழாயும் எண்டோஸ்கோப்பும் ஒன்றுசேர்ந்தன.

இன்றைய எண்டோஸ்கோப் முறையில் தோலில் சுமார் 8 மில்லிமீட்டர் வெட்டு போதும். தசையை அறுக்காமல் விலக்கிக் குழாய் உள்ளே போகிறது. கேமரா திரையில் காட்ட, சிறு இடுக்கி துண்டை எடுக்கிறது. சில சமயம் நோயாளி விழித்திருக்க, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுகிறார்கள். அன்று மாலையோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

நான்கு வாரமா, பன்னிரண்டு வாரமா?

துளை சிறியது என்பதாலேயே பலனும் பெரியது என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. குழாய் வழி அறுவை, வழக்கமான நுண்ணோக்கி அறுவையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. வலிக் கணக்கில் சற்றுப் பின்தங்கியது. அதே நாட்டில் எண்டோஸ்கோப் முறையை ஒப்பிட்டு 2022ல் வெளியான ஆய்வு, அது வழக்கமான முறைக்குக் குறைந்ததல்ல என்றது. ஆகவே கைக்கு எந்தக் கருவி பழகியிருக்கிறதோ அந்த முறையில் தேர்ந்த மருத்துவரைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

அறுவையே செய்யாமல் இருந்தால்? இதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. 6 முதல் 12 வாரம் வரை கடும் கால் வலியில் தவித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மறு பிரிவுக்கு மருந்தும் காத்திருப்பும். 2007ல் வெளியான முடிவு இது: ஒரு வருடத்தில் இரு பிரிவிலும் 95 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் அறுவைப் பிரிவினர் சுமார் 4 வாரத்தில் தேறினார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 12 வாரம் ஆயிற்று. காத்திருந்தவர்களில் 39 சதவிகிதம் பேர் வலி தாளாமல் கடைசியில் அறுவைக்கு வந்தார்கள்.

பிதுங்கிய துண்டு பல சமயம் தானாகவே சுருங்குகிறது. உடலின் எதிர்ப்புச் செல்கள் அதை அரித்துத் தின்கின்றன. பெரிதாக உடைந்து விழுந்த துண்டுதான் அதிகம் மறைகிறது என்பது வேடிக்கையான உண்மை.

ஆக, இந்த அறுவை வாங்கித் தருவது காலத்தை. மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் உள்ளவருக்கு எட்டு வாரம் பொறுப்பது இயலும். பால் வெட்டினால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் எட்டு வாரம் என்பது கந்துவட்டிக்காரனின் வாசல். அவர் அறுவையை முன்கூட்டியே கேட்டால் அதில் நியாயமுண்டு. ஆனால் அவரும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. அறுவைக்குப் பிறகு இலகுவான வேலைக்கே சில வாரம் ஆகும். பாரம் தூக்க ஆறு வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குகிறது.

செலவைப் பொறுத்தவரை, கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டமும் தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. பாறசாலையிலிருந்து வடக்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் தெற்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும் ஏறக்குறைய ஒரே தூரம். கையில் உள்ளது எந்த மாநில அட்டை, அது எங்கே செல்லும் என்பதைப் பேருந்து ஏறும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. படுத்துக்கிடக்கும் நாளின் கூலியை இந்த அட்டைகள் தருவதில்லை.

படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல

வலி காலுக்கு இறங்காமல் இடுப்பிலேயே நிற்பவர்தான் எண்ணிக்கையில் அதிகம். ஏமாறுவதும் அவர்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கிறார். 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதி வருகிறது. வீடே கலங்குகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015ல் வெளியான ஆய்வைப் பார்த்தால் கலக்கம் தீரும். 40 வயதில் பாதிப் பேருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. 68 சதவிகிதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது போல அதுவும் வயதின் அடையாளம். படத்தைப் பார்த்து மட்டும் துளை போட்டால் வலி அப்படியே இருக்கும், சேமிப்பு போய்விடும்.

ஊசிகளுக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகெலும்பு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி, நரம்பைச் சுட்டு மரத்துப்போகச் செய்தல் போன்றவை வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நிபுணர் குழுப் பரிந்துரை அழுத்தமாகவே சொன்னது. வலி மருத்துவர்களின் சங்கங்கள் பல இதை ஏற்கவில்லை. சர்ச்சை நீடிக்கிறது. செலவில்லாத மருந்து ஒன்றுக்கு அதிக எதிர்ப்பில்லை. ஆஸ்திரேலியாவில் 2024ல் முடிவு வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சி கற்றவர்களுக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆயிற்று. கற்காதவர்களுக்கு 112 நாள்தான்.

கழுத்தில் கவனம்

கழுத்து வலியிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கைக்கு இறங்கும் நரம்பு வலி பலருக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் நரம்பின் வழியைச் சிறு துளை மூலம் அகலப்படுத்துகிறார்கள், அல்லது கழுத்தின் முன்பக்கமாகச் சென்று வட்டை எடுக்கிறார்கள்.

ஆனால் கழுத்தில் தண்டுவடமே அழுந்தினால் கதை வேறு. சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறும். நடை தள்ளாடும். வலி பெரிதாக இருக்காது என்பதுதான் ஆபத்து. இவர்கள் கழுத்தைத் திருகி சொடக்கெடுக்கும் கையில் தலையைக் கொடுக்கவே கூடாது.

இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் போவது, பிட்டத்துக்கு நடுவே உணர்ச்சி மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது ஆகியவை ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே தடவுதல் உதவாது, மருந்து உதவும்.

எல்லைக் கிராமத்து மனிதருக்கு வைத்தியத்தில் பஞ்சமில்லை. ஆசான் இருக்கிறார், ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது, ஸ்கேன் நிலையம் இருக்கிறது, துளை போடும் மருத்துவரும் இருக்கிறார். யாரிடம் எப்போது போவது என்று சொல்லித்தர ஆள் இருந்தால் பாதி வலி வாசலிலேயே இறங்கிவிடும். மருத்துவர் துளையின் அளவைச் சொல்லும்போது நோயாளி திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி இது: என் வலிக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டா? தயங்காமல் பதில் வந்தால் துளைக்குச் சம்மதிக்கலாம். இல்லையென்றால், விடிந்ததும் நெய்யாற்றுக் கரையோரம் ஒரு நடை போய்வரலாம்.