சேற்றில் இறங்கும் டிராக்டரும் எடைக் கணக்கும்



மேட்டூர் அணை திறந்து நம்ம ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அதன் பின்னாலேயே டிராக்டரும் வந்துவிடும். வயலில் இறங்கும் சின்ன டிராக்டரை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீங்க. டயருக்குப் பக்கத்தில் கூண்டு மாதிரி ஓர் இரும்புச் சக்கரம் இருக்கும். பின்னால் ஒரு நீளப் பலகை இருக்கும். சில வண்டிகளில் முன்பக்கம் கல்லோ இரும்புக் கட்டையோ கட்டியிருப்பார்கள். இவற்றில் பாதிக்கு மேல் கம்பெனியில் செய்தது இல்லை. நம்ம ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்தது.

என் மாமா அப்படி ஒரு பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டதையும் நம் அறிவியல் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மாமா ஒரே வரியில் சொன்னார்: "எல்லாம் எடைக் கணக்குதாம்மா. எடை இருக்க வேண்டிய எடத்துல இருந்தா வண்டி வேலை செய்யும். எடம் மாறினா ஆளையே சாச்சிடும்."

டயர் மட்டும் ஏன் போதாது?

நடவுக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி சேறு அடிக்கிறோம். இதனால் களை மண்ணுக்குள் புதைந்து அழுகும். மண் குழம்பாகி அதில் உள்ள சின்னச் சின்னத் துவாரங்கள் அடைபடும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காமல் வயலில் நிற்கும். நாற்றும் விரலால் அழுத்தினாலே நிற்கும்.

ஆனால் இந்தச் சேறு டயருக்கு எதிரி. டயரில் உள்ள பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழு என்று ஆகிவிடும். பிறகு எவ்வளவு சுற்றினாலும் வழுக்கும். சுற்றச் சுற்றக் குழி பறித்து வண்டி உட்கார்ந்துவிடும்.

இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு 'பாய்மங்கள்' பாடம் உதவிக்கு வருகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. எடை அதே அளவாக இருந்து, தாங்குகிற பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். வாத்து சேற்றில் தத்தித் தத்தி நடந்து போகும். அதே இடத்தில் ஆட்டுக்குட்டி புதைந்துவிடும். வாத்துக்கு விரல்களுக்கு நடுவே தோல் இருப்பதால் பாதம் அகலம்.

இரும்புச் சக்கரமும் டிராக்டருக்கு வாத்துக்கால் மாதிரிதான். அதைக் கேஜ் வீல் என்று சொல்வார்கள். இரும்பு வளையங்களை வைத்து, அவற்றின் மேல் குறுக்கே ஆங்கிள் பட்டைகளை வரிசையாக வெல்டிங் செய்கிறார்கள். பிறகு டயரின் ரிம்மோடு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். டயர் ஓர் அடி அகலம், கூண்டும் ஓர் அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சேறு தாங்குகிற அகலம் இரண்டு மடங்கு ஆகிறது. கூண்டின் சொந்த எடையும் சேர்வதால் அழுத்தம் சரிபாதி ஆகாது. ஆனாலும் நன்றாகக் குறையும். பட்டைகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதால் சேறு அப்பாமல் விழுந்துவிடும். அந்தப் பட்டைகளே சேற்றைக் கடைந்தும் கொடுக்கும்.

பனி விழும் நாடுகளிலும் இதே பிரச்சினை உண்டு. கனடா, வட ஜப்பான் போன்ற இடங்களில் சின்ன டிராக்டருக்கு முன்னால் இரும்புத் தகடு மாட்டி, வாசலிலும் பாதையிலும் கிடக்கும் பனியைத் தள்ளுவார்கள். டயர் வழுக்காமல் இருக்க அதில் சங்கிலி சுற்றுவார்கள், பின்னால் எடையும் வைப்பார்கள். அவர்களுக்குச் சங்கிலி என்றால் நமக்குக் கூண்டு. அவர்களுக்கு முன்னால் தகடு என்றால் நமக்குப் பின்னால் பலகை.

பலகை எதற்கு?

சேறு அடித்த வயல் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படியே நட்டால் மேட்டில் தண்ணீர் நிற்காது, களை முளைக்கும். பள்ளத்தில் நாற்று மூழ்கி அழுகும். மேட்டுக்கும் எட்டட்டும் என்று மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் வீணாகும். கடைமடை வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. பரம்புப் பலகை மேட்டுச் சேற்றை வழித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும்.

பலகைக்கு எடை வேண்டும். இல்லாவிட்டால் அது சேற்றின் மேல் மிதந்துகொண்டே போகும். மாடு கட்டிப் பரம்படித்த காலத்தில் பலகை மேல் ஆள் ஏறி நிற்பார். மாடு மெதுவாகப் போகும், 'ஹோ' என்றால் நிற்கும். இன்று டிராக்டர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சில இடங்களில் போகவில்லை. "டேய், ஏறி நில்லுடா" என்று பையன்களைக் கூப்பிடுகிறார்கள். நமக்கும் சறுக்கு விளையாட்டு மாதிரி இருக்கிறது.

யோசித்துப் பாருங்க. டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றால் பலகையில் இருப்பவன் முன்னால்தான் விழுவான். அவனுக்கு முன்னால் சுற்றுவது இரும்புப் பட்டை. இன்ஜின் சத்தத்தில் ஓட்டுபவருக்குக் கூப்பாடு கேட்காது. அந்த நேரம் பார்த்து அவர் ரிவர்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மாமா இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார். பலகையின் இரண்டு ஓரத்திலும் கம்பியால் தொட்டி மாதிரி வெல்டிங் செய்து, அதில் மணல் மூட்டை வைக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே எடை. பையன் நின்றால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுவான், பலகையும் கோணும். மூட்டை ஆடாது, அதனால் வயலும் சமமாக வரும். சேறு கெட்டியாக இருந்தால் இன்னொரு மூட்டை, இளகலாக இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம்.

முன்னால் கல் எதற்கு?

பின்னால் எடை கூடக் கூட டிராக்டரின் முன்பக்கம் லேசாகும். முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பலன் இல்லை. அதனால்தான் முன்னால் எடை கட்டுகிறார்கள். கட்டினால் கழன்று விழாதபடி போல்ட் போட்டுக் கட்ட வேண்டும். கயிறு போதாது.

பெரிய ஆபத்து வண்டி சேற்றில் மாட்டும்போதுதான் வருகிறது. பின்சக்கரம் சுற்ற முடியாமல் இறுகிப்போனாலும் இன்ஜின் சுற்றச் சொல்லிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுற்றாவிட்டால் அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பு எழும்பும். முன்பக்கம் தூக்கி, டிராக்டர் பின்னால் மல்லாந்துவிடும். இதற்கு ஒன்றரை நொடி போதும். குதிக்க நேரம் இருக்காது. சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி வண்டியை ஏற்றப் பார்ப்பது இதனால்தான் ஆபத்து. மாட்டினால் ஆக்சிலேட்டரை முறுக்காமல், சக்கரத்தைச் சுற்றியுள்ள சேற்றை வெட்டிவிட்டு மெதுவாகப் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுக்க வேண்டும்.

இழுக்கிற சங்கிலியை டிராக்டரில் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டினால் அந்த இழுப்பே வண்டியைப் பின்னால் கவிழ்க்கும். "கொக்கிய கொஞ்சம் மேல வச்சுக் குடுங்க" என்று பட்டறைக்கு வந்து கேட்பவர்கள் உண்டு. மாமா செய்து கொடுக்க மாட்டார். "ஒரு வெல்டிங் கூலி போனா போவுது" என்பார்.

தண்ணீர் தாமதமாக வருகிற வருஷத்தில் அவசரமும் கூடும். மேட்டூர் 2025-ல் ஜூன் 12 அன்று திறந்தது. 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. அப்படி ஆகும்போது எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். ராத்திரியிலும் ஓட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் மட்கார்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

ரோட்டில் ஏறினால்?

சேற்றில் அழுத்தத்தைக் குறைக்கிற அதே கூண்டு, தார் ரோட்டில் அழுத்தத்தைக் கூட்டும். சேற்றில் பல பட்டைகள் புதைந்து எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. கெட்டியான ரோட்டிலோ ஒன்றிரண்டு பட்டைகளின் விளிம்பு மட்டும்தான் படும். அத்தனை எடையும் அந்த விளிம்பில் இறங்கி ரோட்டைக் கொத்திப் போடும். அந்தக் குழியில்தான் மழைக்காலத்தில் நாம் சைக்கிளோடு விழுகிறோம். மாமா கூண்டை டயரை விட இரண்டு விரல் உயரம் குறைவாகச் செய்கிறார். ரோட்டில் டயர் மட்டும் படும், சேற்றில் புதைந்த பிறகு கூண்டு வேலை செய்யும். டயரைக் கழற்றிவிட்டு மாட்டுகிற முழு இரும்புச் சக்கரத்தை டிரெய்லரில் ஏற்றித்தான் வயலுக்குக் கொண்டு போக வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

1. ஓடுகிற டிராக்டரின் மட்கார்டிலோ பலகையிலோ ஏறக் கூடாது. தம்பி தங்கைகளையும் விடக் கூடாது.
2. வண்டி மாட்டிக்கொண்டால் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போகக் கூடாது. பின்னால் நிற்கவே கூடாது.
3. உயரமான வரப்பில் வண்டியை நேராக ஏற்றாமல், வரப்பைச் சரிவாக வெட்டி ஏற்றும்படி வீட்டில் சொல்ல வேண்டும்.
4. வீட்டில் பலகை இருந்தால் அதற்கு மணல் மூட்டைத் தொட்டி வைக்கச் சொல்ல வேண்டும். பழைய கம்பி இருந்தாலே போதும்.

இனிமேல் யாராவது "பலகைல ஏறி நில்லு" என்று கூப்பிட்டால் வெட்கப்படாமல் கேளுங்க: "மணல் மூட்டை இல்லையா அண்ணே?"

— 9-ஆம் வகுப்பு மாணவி