கசியும் பாத்தி

குறைந்த நீரைக் கொண்டு வீட்டிலேயே காய்கறி பயிரிட விரும்புவோர் இந்நாளில் கைக்கொள்ளும் முறைகளுள் அக்வாபோனிக்ஸ் என்பதும் ஒன்று. மீன் வளர்ப்பையும் செடி வளர்ப்பையும் ஒரே நீரால் இணைப்பதே அதன் சாரம். தொட்டியில் வாழும் மீன்கள் அம்மோனியாவை வெளியிடுகின்றன. அது மிகுந்தால் மீன்களுக்கே நஞ்சாகும். அந்நீரைச் சிறு பம்பினால் கூழாங்கல் நிரப்பிய பாத்திக்கு ஏற்றினால், கற்களின்மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உணவாகக் கொள்ள, எஞ்சிய நீர் வடிகுழாய் வழியே மீண்டும் தொட்டியில் வீழ்கின்றது. அவ்வாறு வீழ்கையில் காற்றையும் கலந்துகொண்டு மீன்களுக்கு உயிரளிக்கின்றது.

இச்சுழற்சியில் ஓரிடம் கசிந்தால் என்ன நேரும்? இதனை நான் நூலில் கற்கவில்லை. என் வீட்டுக் கொல்லையில் கற்றேன்.

பாத்தியின் அடியில் நொடிக்கு ஒரு துளி சொட்டுவதைக் கண்டேன். கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 துளி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆகவே நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல். ‘இவ்வளவுதானே!’ என்று எண்ணி, நாள்தோறும் குறைந்ததை ஊற்றி வந்தேன். கணக்குச் சரி, முடிவுதான் பிழை. சிறு கசிவு சிறிதாகவே இருக்கும் என்று யார் உறுதி கூறுவார்? ஒரு நாள் இரவு வடிகுழாயின் பொருத்து விலகிற்று. பம்போ தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. விடியற்காலையில் தொட்டி நீரில் பாதிக்குமேல் மண்ணில் கலந்துவிட்டது. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தன. மூன்று மிதந்தன. அம்மீன்களுக்குப் பெயரிட்டு வளர்த்த என் பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

இனி, பழுது பார்க்கும் முறையைச் சொல்லுகிறேன். முதற்கண், நீர் சொட்டும் இடமே ஓட்டை என்று கருதலாகாது. நீர் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஓடித் தாழ்ந்த இடத்திலேயே சொட்டும். ஆதலால் பம்பை நிறுத்தி, வடிகுழாயை அடைத்து, பாத்தியை நீரால் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். மட்டம் இறங்கி எவ்விடத்தில் நிற்கின்றதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை உண்டு. சற்றும் இறங்காவிடில், பழுது பாத்தியில் இல்லை, குழாய்களிலே என்று கொள்க. என் பாத்தியில் அடிவரை இறங்கிற்று. ஆகவே அடிப்பொருத்தே குற்றவாளி.

கசிவு தொடங்கிய நாளிலேயே அப்பொருத்தின்மேல் வெளிப்புறத்தில் சிலிக்கோன் பூசியிருந்தேன். மூன்றாம் நாளே அது உரிந்துவிட்டது. காரணம் இரண்டு: சிலிக்கோன் பாலிஎதிலீன் தொட்டியில் நன்கு ஒட்டாது, வெளியே பூசியதை உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் தள்ளிவிடும். ஒட்டக்கூடிய பொருளாயினும், பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த சிலிக்கோன் மீனுக்கு ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க.

பின்னர், பொருத்தைச் சுற்றியுள்ள கற்களை அள்ளி, தொட்டி நீரைத் தெளித்து ஈரச்சாக்கால் மூடி வைத்தேன். உலர்ந்தால் பாக்டீரியா மடியும். பம்பின் நீரைத் தொட்டிக்குள்ளேயே விழச் செய்து, மீன்களுக்கு இரையையும் குறைத்தேன். பொருத்தைக் கழற்றியபோது உண்மை விளங்கிற்று. நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் ரப்பர் வாஷர் பிதுங்கி வெடித்திருந்தது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். புதிய வாஷரை நீர் நிற்கும் உட்புறத்தில் வைத்து, வெளிப்புற நட்டைக் கையால் இறுக்கி, கருவியால் கால் சுற்று மட்டுமே திருப்பினேன். கற்களை இடுமுன் ஒரு நாள் முழுதும் நீர் நிறுத்திச் சோதித்தேன்.

இதனோடு நின்றிருந்தால் மீண்டும் கசிந்திருக்கும். ஒன்றரை மீட்டர் நீளமும், ஒரு மீட்டர் அகலமும், 30 செண்டிமீட்டர் ஆழமும் உள்ள பாத்தி கல்லும் நீருமாக 900 கிலோ அளவில் கனக்கும். அஃதாவது, 18 சிமெண்டு மூட்டையின் பாரம். அப்பாரத்தால் அடிப்பலகை தொய்ந்து, பொருத்தையும் கோணச் செய்திருந்தது. ஆகவே குறுக்குச் சட்டம் இரண்டு கொடுத்தேன். தொட்டி நீர் பாதியாகுமுன் பம்பு தானே நின்றுவிட மிதவை விசையொன்றும் பொருத்தினேன். இனிப் பாத்தியோ வடிகுழாயோ கசிந்தாலும் மீன்களுக்குப் பாதி நீர் எஞ்சும்.

கசிவைக் கண்ட அன்றே காரணத்தைத் தேடுங்கள். குறைந்த நீரை ஊற்றி நிரப்புவது குறையை மறைப்பதே அன்றித் தீர்ப்பதன்று. பல்லாண்டு மாணவர்க்கு இதனையே சொல்லிவந்த நான், மூன்று மீன்களை இழந்த பின்னரே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.