பிரிட்ஜ் சீட்டாட்டம்: பலமில்லாத கையும் ஏலத்தை வெல்வது எப்படி? ‘பிரீஎம்ப்ட்’ உத்தி குறித்த விளக்கம்

ஜகார்த்தாவில் 2018-ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சீட்டாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன் (60), ஷிப்நாத் சர்க்கார் (56) ஆகியோர் தங்கம் வென்றனர். 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற போட்டியில் இந்திய ஆடவர் அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2015-இல் உலக பிரிட்ஜ் அணிகள் சாம்பியன்ஷிப் போட்டி சென்னையிலேயே நடைபெற்றது.

இருப்பினும், சீட்டு என்றாலே அதிர்ஷ்டம் என்ற எண்ணம் பலரிடம் இன்னும் நீடிக்கிறது. ரம்மி ஆட்டம் தொடர்பான வழக்கில் 1967-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சீட்டு கலைத்துப் பங்கிடும் ஆட்டங்கள் அனைத்திலும் தற்செயல் உண்டு என்றும், ரம்மியில் உள்ள தற்செயல் பிரிட்ஜில் உள்ளதைப் போன்றதே என்றும் குறிப்பிட்டு, ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்த ஆட்டம் எனத் தெரிவித்தது. மோசமான சீட்டுகள் வந்தபோதும் திறமையால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிறந்த சான்று, பிரிட்ஜில் ‘பிரீஎம்ப்ட்’ என அழைக்கப்படும் முன்தடுப்பு ஏலம்.

ஏலம் என்பது என்ன?

பிரிட்ஜில் நால்வர், எதிரெதிரே அமர்ந்த இருவர் கொண்ட இரு அணிகளாக ஆடுவர். ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள். இருபத்தெட்டு, முந்நூற்று நான்கு ஆட்டங்களைப் போலவே இதிலும் முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை பிடிகள் எடுப்போம், துருப்பு எது என்பதை ஏலம் தெரிவிக்கிறது. ‘3 ஹார்ட்’ என்றால், ஹார்ட்டைத் துருப்பாகக் கொண்டு 9 பிடிகள் எடுப்பதாகப் பொருள்.

கையின் பலத்தை மதிப்பிட ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனப் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளிகள். வழக்கமாக 12 அல்லது 13 புள்ளிகள் உள்ளவரே ஏலத்தைத் தொடங்குவார். 10 பிடிகள் தேவைப்படும் ‘4 ஹார்ட்’ போன்ற ஏலத்துக்கு, இரு கைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 25 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முன்தடுப்பு ஏலம் இந்தக் கணக்கிலிருந்து விலகுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் மாலை வேளையில் நால்வர் பிரிட்ஜ் ஆட அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏலத்தைத் தொடங்க வேண்டியவரிடம் ஹார்ட்டில் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 7, 6, 3 ஆகிய ஏழு சீட்டுகள் உள்ளன. மற்றவை ஸ்பேடில் 5, 2. டைமண்டில் 8, 4. கிளாவரில் 9, 5. மொத்தம் 6 புள்ளிகளே. ஆனால் அவர் ‘3 ஹார்ட்’ என்கிறார்.

இதற்குக் காரணம் உண்டு. பிரிட்ஜில் கேட்கக்கூடிய ஏலங்கள் மொத்தம் 35. ‘3 ஹார்ட்’ என்றவுடன் அதற்குக் கீழே உள்ள 12 ஏலங்கள் எதிரணிக்கு இல்லாமல் போகின்றன. படிப்படியாகத் தங்கள் பலத்தைக் கூட்டாளிக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள், ‘3 ஸ்பேட்’ என்ற உயரத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. பலம் எதிரணியிடம் இருக்கலாம். அதைப் பேசிக்கொள்ள இடம் இல்லை.

இழப்பு எவ்வளவு?

ஹார்ட் துருப்பானால், ஏஸை மட்டும் விட்டுக்கொடுத்து இந்தக் கை தனியாகவே 6 பிடிகள் எடுக்கும். கூட்டாளியிடம் எதுவுமே இல்லாவிட்டால் 3 பிடிகள் குறையும். எதிரணி ‘டபுள்’ கூறியிருந்தால் அபராதம் 500 புள்ளிகள். ஆனால் அந்நிலையில் எதிரணியிடம் 34 புள்ளிகள் இருக்கும். அவர்கள் ‘6 ஸ்பேட்’ கேட்டு 12 பிடிகள் எடுத்திருந்தால் குறைந்தது 980 புள்ளிகள் பெற்றிருப்பர். அதனுடன் ஒப்பிட்டால் 500 மலிவான விலை.

‘வல்னரபிள்’ எனப்படும் நிலையில், அதாவது வெற்றிக்கான போனஸும் தோல்விக்கான அபராதமும் உயர்ந்திருக்கும் சுற்றில், 2 பிடிகள் குறைந்தாலே 500 புள்ளிகள் போய்விடும். 3 குறைந்தால் 800. எனவே அந்நிலையில் 7 பிடிகள் உள்ள கையே ‘3’ என்ற உயரத்துக்குத் தகுதியானது. ‘வல்னரபிள் எனில் 2, இல்லையெனில் 3’ என்ற பழைய விதி இதிலிருந்தே பிறந்தது.

அமரும் வரிசையும் முக்கியம். கூட்டாளி ஏற்கெனவே ‘பாஸ்’ கூறியிருந்தால், மூன்றாவதாகப் பேசுபவர் சற்றுத் துணிவு காட்டலாம். இரண்டாவதாகப் பேசுபவரோ கட்டுப்பாடு காக்க வேண்டும். எதிரணியில் ஒருவர் ‘பாஸ்’ கூறிவிட்டதால், தடுக்கப்படுபவர் சொந்தக் கூட்டாளியாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

கூட்டாளி என்ன செய்ய வேண்டும்?

இந்த உத்தி வெற்றி பெறுவதும் வீணாவதும் பெரும்பாலும் கூட்டாளியின் கையில்தான் உள்ளது. தொடங்கியவர் தம் கையை ஒரே சொல்லில் விவரித்துவிட்டார். இனி முடிவெடுப்பவர் கூட்டாளியே.

அவர் எண்ண வேண்டியது புள்ளிகளை அல்ல, பிடிகளை. அவரிடம் ஸ்பேடில் ஏஸ், ராஜா, 8, 3. ஹார்ட்டில் 9, 4. டைமண்டில் ஏஸ், ராஜா, 7, 2. கிளாவரில் 8, 6, 3 இருப்பதாகக் கொள்வோம். 14 புள்ளிகள், உறுதியான பிடிகள் நான்கு. தொடங்கியவரின் ஆறுடன் சேர்ந்தால் பத்து. இரு கைகளிலும் மொத்தம் 20 புள்ளிகளே இருந்தும் ‘4 ஹார்ட்’ ஏலம் நிறைவேறும். ஒரு துருப்பு, இரண்டு கிளாவர் மட்டுமே இழப்பு.

மாறாக, ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, 3. ஹார்ட்டில் 9, 4. டைமண்டில் ராணி, ஜாக்கி, 7, 2. கிளாவரில் ராஜா, ராணி, 8 இருந்தால்? இதுவும் 14 புள்ளிகள்தான். ஆனால் நான்கு ஏஸ்களும் டைமண்ட் ராஜாவும் எதிரணியிடம் உள்ளன. அவர்கள் சரியாக ஆடினால் 5 பிடிகள் போய்விடும். ‘3 ஹார்ட்’ கூடத் தேறாது. இங்கே ‘பாஸ்’ கூறுவதே அறிவு.

கை பலவீனமாக இருந்தாலும் ஹார்ட்டில் மூன்று சீட்டுகள் இருந்தால், தாமதிக்காமல் ‘4 ஹார்ட்’ என உயர்த்தித் தடையை வலுப்படுத்தலாம். அணியிடம் எத்தனை துருப்புகள் உள்ளனவோ, அத்தனை பிடிகளுக்கான உயரம் வரை போட்டியிடலாம் என்பது இதன் அடிப்படை. பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-ரெனே வெர்ன் 1969-இல் வெளியிட்ட ‘மொத்தப் பிடிகள் விதி’யிலிருந்து இந்த வழிகாட்டுதல் உருவானது. வல்னரபிள் நிலையில் இதிலும் எச்சரிக்கை தேவை.

ஹார்ட்டில் ஒரே சீட்டு இருக்கிறது என்பதற்காகத் தம்முடைய வேறு நிறத்துக்கு மாறிக் ‘காப்பாற்ற’ முயல்வது, புதிய ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தொடங்கியவரின் கை ஹார்ட் துருப்பானால் மட்டுமே பயன் தரும்.

எதிரணி எப்படிச் சமாளிப்பது?

ஹார்ட்டில் குறைவான சீட்டுகளும் மற்ற நிறங்களில் நல்ல பலமும் இருந்தால் ‘டபுள்’ கூறித் தம் கூட்டாளியைப் பேச வைக்கலாம். வலுவான நீண்ட ஸ்பேட் இருந்தால் ‘3 ஸ்பேட்’ கேட்கலாம். ஹார்ட்டைத் தடுக்கும் சீட்டும் போதிய பலமும் இருந்தால், துருப்பு இல்லாமல் ஆடும் ‘3 நோ டிரம்ப்’ ஏற்றது. பலவீனமான கையுடன் கோபத்தில் ஏலத்தை உயர்த்துவது, தொடங்கியவர் விரித்த வலையில் விழுவதாகும்.

மீண்டும் பேசாமை

ஏலத்தின் பொருளைக் குரலாலோ முகபாவத்தாலோ கூட்டாளிக்கு உணர்த்துவது விதிமீறல். தங்களுக்குள் செய்துகொண்ட ஏல உடன்பாடுகளை எதிரணிக்கும் தெரியப்படுத்த வேண்டும். எனவே ‘3 ஹார்ட்’ கேட்டவர், கூட்டாளி ஏலத்துக்கு அழைத்தாலன்றி, மீண்டும் வாய் திறப்பதில்லை. எதிரணி ‘4 ஸ்பேட்’ என உயர்த்தினாலும், கூட்டாளி அதற்கு ‘டபுள்’ கூறினாலும், அவரது விடை ‘பாஸ்’ மட்டுமே. தாம் சொல்ல வேண்டியதை முதல் ஏலத்திலேயே சொல்லிவிட்ட பிறகு, கூட்டாளியின் தீர்ப்பை நம்புவதே இந்த உத்தியின் கடினமான பகுதி.