களத்தின் இடைச்சொல்

சொற்களை நால்வகையாகப் பகுத்த நம் இலக்கண நூலார், பெயரையும் வினையையும் அடுத்து இடைச்சொல்லை வைத்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இடையியல் என ஓர் இயலே அதற்கு உண்டு. இடைச்சொல் தனித்து நின்று பொருள் தாராது; பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும். ஆயினும் அஃது இல்லையேல் பெயர் ஒருபுறமும் வினை மறுபுறமுமாகக் கிடக்கும். பொருள் கூடி வாராது. இதனை மாணாக்கர்க்கு விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டைப் பல ஆண்டுகளாகத் தேடியிருந்தேன். அஃது உதைபந்தாட்டக் களத்தில் அகப்பட்டது என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும்.

எங்கள் கரடியனாற்றில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் வட்டைகள் எல்லாம் ஆடுகளமாகிவிடும். தாள் குத்தும் தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் பந்தடிப்பார்கள். முன்னே நின்று கோல் போட எல்லோருக்கும் ஆசை. பின்னே நின்று காக்கவும் ஓரிருவர் இசைவர். நடுவில் நிற்பதற்கோ எவரும் இசையார். சில காலத்துக்கு முன் பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டமொன்றில் எம் மாணவன் ஒருவன் தண்டனை உதையைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று. அன்று தொட்டு அவன் வட்டைப் பக்கமே வரவில்லை. அழைத்துக் கேட்டேன். "இனிப் பந்துக்குக் கிட்டயும் போகமாட்டன், ஐயா" என்று தலைகுனிந்து நின்றான். அவனுக்குச் சொல்வதற்காக யான் தேடிக் கற்ற வரலாறே இது.

தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டில், சாவோ பாவுலோ மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கிடையே இராசெமாபோலிஸ் என்றோர் ஊர் உண்டு. எலானோ புளூமர் 1981 ஆம் ஆண்டு யூன் 14 இல் அங்கே பிறந்தார். அயலூராகிய லிமெயிராவின் கழகத்தில் ஆடி, 2001 இல் பேலேயின் கழகமாகிய சாந்தோசில் சேர்ந்தார். 2002 இலும் 2004 இலும் சாந்தோஸ் பிரேசிலின் வாகையைச் சூடியபோது அவ்வணியின் நடுக்களத்தில் நின்றவர் அவர். பின்னர் உக்ரேனின் சக்தார் தொனெற்ஸ்க், இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிற்றி, துருக்கியின் கலற்றசராய் என நாடு பல கண்டார். 2011 இல் சாந்தோசுக்கே மீண்டு, தென்னமெரிக்கக் கழகங்களின் தலையாய விருதாகிய லிபெர்ற்றாடோரெஸ் கிண்ணத்தை வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

பொருள் தரும் இடந்தோறும் சென்று ஆடுபவனுக்குப் பற்று ஏது என்று சிலர் வினவுவர். நம் சங்கப் புலவரும் பாணரும் வள்ளல்தோறும் சென்று பரிசில் பெற்று வாழ்ந்தவரே. அதனால் அவர் பாட்டின் சுவை குன்றியதென யாரும் கூறினரல்லர். தொழிலைத் தொழிலாகச் செய்வதிலும் ஒரு நேர்மை உண்டு.

நிற்க, நடுக்கள வீரனின் தொழில்தான் யாது? காவலர் மீட்டுத் தரும் பந்தை அவன் வாங்குகிறான். வாங்குமுன்னரே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது என்று நோக்கிக்கொள்கிறான். பந்து காலைத் தொட்டதும் அதனை வேண்டுமிடத்துக்கு விடுகிறான். எங்கள் வட்டவிதானையார் வாய்க்காலில் செய்வதும் இதுவே. விதைப்பும் அறுப்பும் அவருடையன அல்ல. எந்த வரவைக்கு எப்போது நீர் வேண்டும் என்று அறிந்து மடை திறப்பதே அவர் பணி. விளைந்த நெல்லில் அவர் பெயர் எழுதியிராது. ஆனால் அவர் கண்ணயர்ந்தால் வட்டை காயும்.

பிரேசில் நாட்டணிக்காகவும் எலானோ இப்பணி செய்தார். 2010 இல் தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் வடகொரியாவுக்கு எதிராக ஒரு கோலும், ஐவரி கோஸ்டுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அவ்விரண்டாம் ஆட்டத்திலேயே காலில் காயமுற்றார். அதன்பின் அத்தொடரில் அவர் களமிறங்கவில்லை. காலிறுதியில் நெதர்லாந்திடம் பிரேசில் தோற்றது.

அதனினும் கொடியது அடுத்த ஆண்டு நேர்ந்தது. 2011 யூலை 17 இல், தென்னமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்காக் காலிறுதியில் பிரேசிலும் பராகுவேயும் கோலின்றிச் சமநின்றன. தண்டனை உதைகளால் வெற்றி தீர்மானிக்கப்பட வேண்டியதாயிற்று. பிரேசிலின் முதல் உதை எலானோவினது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அவரைத் தொடர்ந்த மூவரும் தவறினர். பத்தே நாளில், யூலை 27 இல், சாந்தோசுக்கும் பிளமெங்கோவுக்கும் நடந்த ஆட்டத்தில் மீண்டும் ஒரு தண்டனை உதை அவர் காலுக்கு வந்தது. பந்தை மெல்லத் தூக்கி அடித்தார். எதிரணிக் காவலர் எளிதாகப் பற்றி, அதனைத் தட்டி விளையாடியும் காட்டினார். சாந்தோஸ் 4-5 எனத் தோற்றது. பல்லாயிரம் பேர் முன்னிலையில் பத்து நாளில் இருமுறை எய்திய நாணம் அது.

அவர் ஆட்டத்தை விட்டாரல்லர். 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, தம் முப்பத்து மூன்றாம் வயதில் சென்னைக்கு வந்தார். அக்டோபர் 21 இல் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில், சொந்த மண்ணில் சென்னை அணி ஆடிய முதல் ஆட்டம். எதிரே கேரள அணி. தொடக்கத்திலேயே சென்னைக்கு ஒரு தண்டனை உதை கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் எலானோ. இம்முறை வலை அசைந்தது. சென்னை 2-1 என வென்றது.

அவ்வாண்டுத் தொடரில் மிகுதியான கோல் போட்டவரும் அவரே, எண்ணிக்கை 8. இடைச்சொல்லே வினைச்சொல் ஆயிற்று எனலாம். ஆயின் அரையிறுதியில் சென்னை அதே கேரள அணியிடம் தோற்று வெளியேறியது. 2015 இல் அவர் போட்ட கோல்கள் குறைந்தன; கொலம்பியாவின் மென்டோசா 13 கோல்களுடன் முன்னின்றார். அவ்வாண்டின் பெருவெள்ளத்தால் அரையிறுதியைத் தன் நகரில் ஆட இயலாது புனேயில் ஆடிய சென்னை, டிசம்பர் 20 இல் கோவா அணியை இறுதியாட்டத்தில் 3-2 என வென்று கிண்ணம் கொண்டது. ஒருவர் மிகப் போட்ட ஆண்டில் எட்டாதது, அவர் குறையப் போட்ட ஆண்டில் அணிக்கு எட்டியது. இதனை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தல் நன்று.

2016 இல் சாந்தோசில் ஆட்டத்தை நிறைவு செய்த எலானோ, பின்னர்ப் பயிற்றுநரானார். இளமையில் தாம் ஆடிய லிமெயிராக் கழகத்துக்கே 2020 இல் பயிற்றுநராய்த் திரும்பினார். வாங்கியதை வேண்டுமிடத்தில் கொடுப்பது ஆசிரியத் தொழிலுக்கும் பொதுவன்றோ?

இவ்வளவையும் அம்மாணவனுக்குச் சொன்னேன். "அவர் பெரிய ஆள், ஐயா" என்றான். "இருமுறை தவறியபோதும் அவர் பெரிய ஆள்தான், தம்பி, அதனால்தான் நாணமும் பெரிது" என்றேன். மறுமொழி கூறாமல் போனான். இரு வாரங்களின் பின் ஒரு மாலை வட்டை வழியே வீடு திரும்புகையில் அவனைக் கண்டேன். எவரும் இசையாத அந்த நடுவிடத்தில் நின்றிருந்தான். தண்டனை உதையை இன்னும் அவன் அடிக்கவில்லை. ஆனால் பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கிறான்.