உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. பார்த்தால் கரித்தூள் படிந்ததுபோல் இருக்கும். டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் இந்த முட்டைகள் சாவதில்லை. மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும்.

அதனால் வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றின் உட்புறத்தையும் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பலரும் மறந்துவிடும் இடம், ஃபிரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டு. உருகிய நீர் அங்கேதான் சேரும். அதையும் எடுத்துத் தேய்க்க வேண்டும்.

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையிலும், பொழுது சாயும் முன்பும் அதன் தொல்லை அதிகம். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்குக் கட்டாயம் வலை போடுங்கள். வீட்டில் யாருக்காவது டெங்கு வந்திருந்தால் அவரையும் பகலில் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுதான் சில நாள் கழித்து அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது.