ஆற்றில் கழிவு கலந்தால் யார் பொறுப்பு?

2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்து நாற்றமெடுத்ததால், சிலாங்கூரில் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. இதைத் தடுத்திருக்க வேண்டியது மத்திய அரசாங்கமா, மாநில அரசாங்கமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இரண்டுக்குமே பொறுப்பு உண்டு. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

அதிகாரப் பங்கீடு

மத்திய, மாநில அதிகாரங்களைக் கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. அதில் 'சுற்றுச்சூழல்' என்று தனித் தலைப்பு இல்லை. நிலம், காடு, ஆறு, ஊராட்சி மன்றம் ஆகியவை மாநிலத்தின் கையில் உள்ளன. தீபகற்ப மாநிலங்களில் குடிநீர் விநியோகம் 2005 முதல் இரு தரப்புக்கும் பொதுவானது.

தொழிற்சாலைக் கழிவையும் புகையையும் கட்டுப்படுத்துவது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதை அமலாக்குவது மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறை. தோட்டப்புறச் செம்பனை ஆலைகளும் இத்துறையின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட இச்சட்டம், சில குற்றங்களுக்கு 1 கோடி ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

ஆக, ஆலை கட்ட நிலம் கொடுப்பது மாநிலம். வியாபார உரிமம் தருவது ஊராட்சி மன்றம். கழிவைக் கண்காணிப்பது மத்திய அரசாங்கம். கழிவு போய்ச் சேரும் ஆறு மீண்டும் மாநிலத்தினுடையது. இவர்களில் ஒருவர் அசந்தாலும் பாதிப்பு நம் வீட்டுக் குழாய்க்கு வந்துவிடும்.

காடு ஓரிடம், தாகம் வேறிடம்

பினாங்கு தன் தண்ணீரின் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியான உலு மூடா காடு கெடாவில் உள்ளது. மரம் வெட்டினால் வருமானம் கெடாவுக்கு. தண்ணீர் குறைந்தால் தவிப்பு பினாங்குக்கும் சேர்த்து. காட்டைக் காப்பாற்றுவதால் இழக்கும் வருமானத்துக்கு ஈடு வேண்டும் என்பது கெடாவின் வாதம். 'வெட்டாதே' என்று உத்தரவிடும் அதிகாரம் பினாங்குக்கு இல்லை. மத்திய அரசாங்கமும் மாநிலத்தின் சம்மதத்தைப் பெற்றே காரியத்தை நகர்த்த வேண்டும். அதனால்தான் காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கு மானியம் வழங்கும் திட்டம் வந்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது.

புகார் எங்கே?

• ஆலைக் கழிவு, புகை, திறந்தவெளி எரிப்பு: சுற்றுச்சூழல் துறை, 1-800-88-2727.

• அடைபட்ட கால்வாய், உரிமமில்லாத பட்டறை: ஊராட்சி மன்றம்.

• காடழிப்பு: மாநில வன இலாகா. திருட்டு மணல்: மாவட்ட நில அலுவலகம்.

• சிலாங்கூரில் ஆற்று நீர் மாசு: மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸ்.

இடம், தேதி, நேரம், படம் ஆகியவற்றுடன் எழுத்துபூர்வமாகப் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மாநில விவகாரமாக இருந்தால் சட்டமன்ற உறுப்பினருக்கும், மத்திய துறை சம்பந்தப்பட்டதாக இருந்தால் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். 'இது எங்கள் வேலை இல்லை' என்று ஓர் அலுவலகம் சொன்னால், அது எந்த அலுவலகத்தின் வேலை என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடுத்த கதவைத் தட்ட அந்தக் கடிதம் உதவும்.