ஹார்டு டிஸ்க்கை கழட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? உடனே ‘ஓ.எஸ். போட’ கொடுத்துடாதீங்க!

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டைப்பிங் என எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில். வேகம் போதவில்லை என்று எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் போட்டாச்சு. பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போடுவதால், ஒருநாள் அதைக் கழட்டுகிறார்கள். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வருகிறது.

விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில். கழட்டியதோ பழைய டிஸ்க்கை. அப்புறம் ஏன் ஆன் ஆகவில்லை?

சிக்கல் எங்கே?

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் நேராக விண்டோஸுக்குப் போவதில்லை. ‘விண்டோஸ் இங்கே இருக்கு’ என்று வழிகாட்டும் பூட் ஃபைல்களைத்தான் முதலில் தேடும். சுமார் 100 எம்பி அளவுள்ள ஒரு குட்டி பார்ட்டிஷனில் அவை இருக்கும். மை கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் குட்டி பார்ட்டிஷனையே விண்டோஸ் பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ளும். ஆக, வீடு புது டிஸ்க்கில், வாசற்கதவு பழைய டிஸ்க்கில்!

கழட்டும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், ஒரு பார்ட்டிஷனில் ‘சிஸ்டம்’ என்றும் இன்னொன்றில் ‘பூட்’ என்றும் எழுதியிருக்கும். இதில் ஒரு கூத்து: பூட் ஃபைல்கள் இருப்பது ‘சிஸ்டம்’ என்று எழுதியதில், விண்டோஸ் இருப்பது ‘பூட்’ என்று எழுதியதில். மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் அப்படி. ‘சிஸ்டம்’ பழைய டிஸ்க்கில் இருந்தால் கழட்டக் கூடாது.

கழட்டியாச்சு, இப்போ என்ன செய்வது?

பவரை நிறுத்திவிட்டு பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்கள். ஆன் ஆகிவிட்டால் எதுவும் அழியவில்லை என்று அர்த்தம். முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்து பயாஸ். எஃப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் திறக்கும். பூட் வரிசையில் எஸ்எஸ்டியையோ, அதன் பெயருடன் வரும் ‘விண்டோஸ் பூட் மேனேஜரையோ’ முதலில் வைத்துப் பாருங்கள். சில நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், எஸ்எஸ்டியிலேயே குட்டி பார்ட்டிஷன் உருவாக்கி, ‘பிசிடிபூட்’ கட்டளையால் பூட் ஃபைல்களை அதில் எழுத வேண்டும். விண்டோஸ் பென்டிரைவ் இருந்தால், தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. பழக்கமில்லாதவர்கள் தாங்களே முயல வேண்டாம். பார்ட்டிஷன் மாறினால் உள்ளதும் போகும். கடையில் கொடுக்கும்போது, “ஓ.எஸ். புதுசா போடாதீங்கண்ணே, பூட் ஃபைலை மட்டும் எஸ்எஸ்டியில எழுதிக் கொடுங்க” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஃபார்மட் போட்டால் போட்டோஷாப் முதல் டேலி வரை எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். சி டிரைவில் இருந்த ஃபைல்களும் போய்விடும்.

ஆன் ஆகுது, ஆனா எரர் வருதா?

இது ‘டி’ டிரைவ் காணாமல் போனதால் வருவது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி-க்கு மாற்றி வைத்திருந்தாலோ, சாஃப்ட்வேரை அங்கே இன்ஸ்டால் செய்திருந்தாலோ, விண்டோஸ் இன்னும் அதே இடத்தில்தான் தேடும். புது டிஸ்க்குக்கோ பார்ட்டிஷனுக்கோ டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘டி’ என்ற எழுத்தைக் கொடுத்து, காப்பி எடுத்த ஃபோல்டர்களை அதே பெயர்களில் வைத்தால் பல எரர்கள் அடங்கிவிடும். ஒரு பென்டிரைவுக்குத் தற்காலிகமாக ‘டி’ கொடுத்துவிட்டு, டாக்குமென்ட்ஸ் ப்ராபர்ட்டீஸில் ‘லொகேஷன்’ போய் இடத்தை மாற்றுவதும் ஒரு வழி.

கழட்டிய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டால்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் மூழ்கிய டிஸ்க் என்றால் காய்ந்துவிட்டதே என்று கரன்ட் கொடுக்காதீர்கள். நேராக டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போவதுதான் சரி.

தண்ணீர் படாத டிஸ்க் என்றால் மாட்டிப் பார்க்கலாம். ‘பெர்மிஷன் இல்லை’ என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுத்தால் பெரும்பாலும் திறக்கும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் மட்டும் கேன்சல்! பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க ரெக்கவரி கீ, பழைய கம்ப்யூட்டரில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். வேறு போனிலிருந்து லாகின் செய்து பாருங்கள்.

இனி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுவதாக இருந்தால், பழைய டிஸ்க்கின் கேபிளை முதலில் உருவிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கழட்டிய டிஸ்க்கில் தேதி எழுதி ஒரு மாதமாவது பீரோவில் வையுங்கள். அதுவரை காயலான் கடைக்குப் போட வேண்டாம்.